ரெக்கார்ட் பிளேயர் கரெக்ட் ஸ்பீடுல சுத்துதா? வீட்டுலயே அளந்து பார்க்கற வழி

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி பக்கம் இப்ப பழைய ரெக்கார்ட் பிளேயர் வாங்கறவங்க கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டாங்க. பெங்களூரு கிட்டத்துலயே இருக்கறதால அங்க ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு பெட்டி மாட்டினா தூக்கிட்டு வந்துடறாங்க, சில பேரு அமெரிக்காவுல இருந்து திரும்பும்போது அங்க வெச்சிருந்ததையே பேக் பண்ணி கொண்டாந்துடறாங்க, இன்னும் சில வீட்டுல சவுண்டு சர்வீஸ் நடத்தின காலத்துப் பெட்டி பரண் மேல தூசியோட கெடக்கும். ஓட்டிப் பார்த்ததும் எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான்: பாட்டு இழுக்கற மாதிரி இருக்கே, ஸ்பீடு சரியில்லையோ? உடனே யாராவது பெல்ட்டை மாத்துன்னு சொல்வாங்க, இன்னொருத்தர் மோட்டாரே போச்சும்பாங்க. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி அளந்துடுங்க. அதுக்குப் பெரிய மெஷின் ஒண்ணும் வேணாம், ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீறல் விழுந்த ரெக்கார்டு இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும்.

ரெண்டு விஷயத்தைப் போட்டு குழப்பிக்காதீங்க

ஸ்பீடு சரியில்லைன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு தனித்தனி நோய் இருக்கு. ஒண்ணு சராசரி. எல்பிங்கற பெரிய சைஸ் ரெக்கார்டுன்னா நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சுத்தணும், அது 33.6 சுத்துதா 33.0 சுத்துதாங்கறது. இன்னொண்ணு ஆட்டம். சராசரி பக்காவா இருக்கும், ஆனா ஒவ்வொரு சுத்துக்குள்ளயும் கொஞ்சம் வேகமாகி கொஞ்சம் மெதுவாகி அலையும். இந்த ஆட்டம் நொடிக்கு ஆறு தடவைக்குக் கீழ மெதுவா ஆடினா வாவ்னு சொல்வாங்க, அதுக்கு மேல நடுங்கினா ஃப்ளட்டர்.

என்னைக் கேட்டா சராசரிக்கு இவ்வளவு பேரு தூக்கம் கெடுத்துக்கறது தேவையில்லாத வேலை. அரைக் கட்டை சுருதி ஏறணும்னாலே வேகம் கிட்டத்தட்ட 6% கூடணும். அப்ப அரை பர்சென்ட் வேகமா ஓடுதுன்னா அரைக் கட்டையில பன்னெண்டுல ஒரு பங்குதான் ஏறியிருக்கு, பக்கத்துல சுருதிப் பெட்டி வெச்சு ஒப்பிட்டாத்தான் தெரியும், சும்மா கேக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது. ஆட்டம் அப்படி இல்லைங்க, அது அதுக்குள்ளயே மாறிகிட்டு இருக்கறதால ஒப்பிட வேற எதுவும் வேணாம், காதுல உடனே மாட்டிக்கும். தவில் தனியா வாசிக்கற இடத்துல கண்டுபிடிக்க முடியாது, ஆனா நாதஸ்வரத்துல ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கற இடம், வீணையில மீட்டி விட்டு நாதம் அடங்கற இடம், பின்னாடி ஓடற தம்புரா, இங்கெல்லாம் ஆட்டம் அப்பட்டமா தெரியும். அதனால அளக்கும்போது ரெண்டையும் தனித்தனியா எழுதி வெச்சுக்கங்க, ஒரே நம்பர்ல அடக்கப் பார்க்காதீங்க.

இன்னொண்ணு, ஸ்பீடை அளக்கறதுன்னாலே அதை வேற ஒரு கடிகாரத்தோட ஒப்பிடறதுதான். சில முறையில அந்தக் கடிகாரம் போன், சில முறையில வீட்டுக்கு வர்ற கரண்ட், சில முறையில டெஸ்ட் ரெக்கார்டு. எதை நம்பி அளக்கறோம்னு தெரியாம வர்ற நம்பரை வெச்சு சண்டை போட்டுகிட்டு இருப்பாங்க. ஒவ்வொரு முறைக்கும் அதையும் சேர்த்து சொல்றேன்.

அளக்கறதுக்கு முன்னாடி

பிளேயரை மட்டமா வைங்க. மேஸ்திரி வெச்சிருக்கற ரசமட்டம் இருந்தா பிளாட்டர் (ரெக்கார்டு உக்கார்ற சுத்தற தட்டு) மேலயே வெச்சுப் பாருங்க, குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு பக்கமும். நம்ம ஊர்ல ஒரு வசதி என்னன்னா கிரானைட் கம்பெனிங்க பக்கத்துல போனா ஓரம் வெட்டின மிச்சத் துண்டு கெடைக்கும், அதுல பிளேயர் உக்கார்ற அளவுக்கு ஒரு பீஸ் கேட்டு வாங்கி அடியில போட்டுட்டா கனமாவும் இருக்கும் ஆடாமயும் இருக்கும். ஹைவே ஓரம் வீடு இருக்கறவங்களுக்கு லாரி அதிர்வுக்கு இது கண்டிப்பா தேவை, இல்லைன்னா ராத்திரி ஒரு ரீடிங், பகல்ல ஒரு ரீடிங் வந்து தலையைச் சுத்தும்.

ரொம்ப நாள் ஓடாம கெடந்த பெட்டின்னா கால் மணி நேரம் சும்மா ஓட விடுங்க. பேரிங்ல இருக்கற ஆயில் கெட்டியாகியிருக்கும், பெல்ட் ஒரே எடத்துல வளைஞ்சு நின்னிருக்கும், ரெண்டும் கொஞ்சம் இளகட்டும். முதல் நிமிஷத்துல எடுக்கற ரீடிங்கை நம்பாதீங்க.

ரொம்ப முக்கியம்: ஊசியை ரெக்கார்டு மேல வெச்சுதான் அளக்கணும். காலியா சுத்தும்போது எல்லா பிளேயரும் நல்லாத்தான் சுத்தும். ஊசி பள்ளத்துல உரசிகிட்டு போகும்போது ஒரு சின்ன பிரேக் மாதிரி இழுக்கும், லேசான பிளாட்டரும் தளர்ந்த பெல்ட்டும் இருக்கற பெட்டியில அந்த வித்தியாசம் நம்பர்லயே தெரியும்.

மனசுல வெச்சுக்க வேண்டிய கணக்கு

33⅓ல ஒரு சுத்துக்கு 1.8 நொடி. நூறு சுத்துக்கு சரியா 3 நிமிஷம். சின்ன இபி தட்டு ஓடற 45ல ஒரு சுத்துக்கு 1.333 நொடி, ரொம்பப் பழைய தட்டு ஓடற 78ல 0.769 நொடி. சூத்திரம் ஒண்ணே ஒண்ணுதான்: சுத்து எண்ணிக்கையை 60ஆல பெருக்கி, ஆன நொடியால வகுங்க.

சும்மா எண்றதையே நிறைய பேரு கேவலமா நினைக்கறாங்க, ஆனா அது நல்ல முறைங்க. லேபிள் மேல சின்னதா ஒரு பேப்பர் துண்டு ஒட்டிக்கங்க, எல்பியை ஓட விடுங்க, பேப்பர் நம்ம நேரா வரும்போது போன்ல ஸ்டாப்வாட்ச் அழுத்தி பூஜ்யம்னு சொல்லுங்க, அடுத்தது ஒண்ணு, ரெண்டுன்னு நூறு வரைக்கும். கை அழுத்தறதுல 0.2 நொடி முன்ன பின்ன ஆனாலும் 180 நொடியில அது 0.1% தான். அவசரப்பட்டு பத்து சுத்து எண்ணினா அதே கை தப்பு 1%க்கு மேல போயிடும். இங்க கடிகாரம் போன்ல இருக்கற குவார்ட்ஸ், அது நமக்கு போதும் போதும்ங்கற அளவுக்கு கரெக்ட்.

கீறல் ரெக்கார்டு முறை

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை, ஏன்னா பைசா செலவில்லை, ஊசி ஓடும்போதே அளக்குது. மையத்துல இருந்து ஓரத்துக்குப் போற மாதிரி நீளமா ஒரு கீறல் இருக்கற எல்பி ஒண்ணு எல்லார் கிட்டயும் இருக்கும். அதைப் போட்டா சுத்துக்கு ஒரு தடவை டிக், டிக்னு கேக்கும் இல்லையா, அந்த டிக்தான் நம்ம அளவுகோல்.

பிளேயர்ல இருந்து ஆம்ப், ஆம்ப்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு அதுல ரெக்கார்டு பண்ணுங்க. ஒயர் இல்லைன்னா போனை ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சு வாய்ஸ் ரெக்கார்டர்லயே பதிஞ்சு அந்த ஃபைலை கம்ப்யூட்டருக்கு அனுப்புங்க, டிக் சத்தம் தெளிவா கேட்டா போதும். ரெண்டு நிமிஷம் பதிங்க. அப்புறம் ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பார்த்தா டிக் எல்லாம் ஈட்டி மாதிரி மேல எழும்பி நிக்கும். ஒரு டிக்கோட உச்சியில கர்சரை வெச்சு, அதுல இருந்து அம்பது சுத்து தள்ளி இருக்கற டிக்கோட உச்சி வரைக்கும் செலக்ட் பண்ணுங்க. கவனம், முதல் டிக்கை ஒண்ணுன்னு எண்ணினா கடைசி டிக் 51ஆவதா இருக்கணும், இடைவெளிதான் அம்பது. இந்த எடத்துலதான் நிறைய பேருக்கு 2% தப்பு வந்து பிளேயர் மேல பழி விழும்.

கரெக்டா ஓடினா 90.00 நொடி வரணும். 89.6 நொடி வந்ததுன்னு வைங்க, 50 பெருக்கல் 60 வகுத்தல் 89.6, அதாவது 33.48 சுத்து, 0.45% வேகம். கீறல் கொஞ்சம் சாய்வா இருந்தா கணக்கு தப்பிடாதான்னு சந்தேகம் வரும். அம்பது சுத்துல ஊசி உள்ள நகர்றது சில மில்லிமீட்டர்தான், அதே நேரத்துல பள்ளத்துல ஓடறது முப்பது மீட்டர் கிட்ட, அதனால சாய்வால வர்ற தப்பை தூக்கிப் போட்டுடலாம்.

இதுலயே இன்னொரு வேலையும் செய்யலாம். பக்கத்தோட ஆரம்பத்துல ஒரு இருபது இடைவெளி, கடைசியில ஒரு இருபது இடைவெளி அளந்து பாருங்க. ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தா ஓட ஓட மோட்டார் சூடாகி ஸ்பீடு நகருது, இல்ல பெல்ட் வழுக்குதுன்னு அர்த்தம். ஆனா ஒரு விஷயம் இந்த முறையில தெரியவே தெரியாது: ஒரே சுத்துக்குள்ள ஏறி எறங்கற ஆட்டம். டிக் சுத்துக்கு ஒரு தடவைதான் வருது, நடுவுல என்ன கூத்து நடந்தாலும் அது சராசரியாகி மறைஞ்சிடும்.

ஸ்ட்ரோப் தட்டு

வட்டமா கோடு கோடா அச்சடிச்ச தட்டு, பிளாட்டர் மேல போட்டு சுத்த விட்டு லைட் வெளிச்சத்துல பார்த்தா, ஸ்பீடு சரியா இருந்தா கோடு நின்னாப்ல தெரியும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியற லைட் நொடிக்கு 100 தடவை மின்னும், அதனால 33⅓க்கு 180 கோடு இருக்கணும். 45க்கு கணக்குப்படி 133⅓ வரணும், அரைகுறை கோடு போட முடியாதுல்ல, அதனால 133 கோடு போடுவாங்க, அது நின்னாப்ல தெரிஞ்சா உண்மையில 45.11 ஓடுது. 78க்கு 77 கோடு, அது 77.92.

நெட்ல இருந்து எடுத்து ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டுக்கலாம், சைஸ் சின்னதா பெருசா வந்தாலும் பரவால்ல, கோணம்தான் கணக்கு. ஆனா நடு ஓட்டையை கரெக்டா மையத்துல போடுங்க. அதோட 50 ஹெர்ட்ஸ் தட்டுதானான்னு பார்த்து எடுங்க, அமெரிக்கா தட்டுல 33⅓க்கு 216 கோடு இருக்கும், அதை நம்ம லைட்டுல வெச்சா நல்ல பிளேயரும் கெட்ட பேரு வாங்கிடும்.

இப்ப இருக்கற பெரிய சிக்கல் லைட்தான். எல்இடி பல்பு பாதிக்கு மேல மின்னவே மின்னாது, உள்ள டிரைவர் கரண்டை சமமாக்கிடுது. எலக்ட்ரானிக் சோக்கு போட்ட டியூப் லைட்டும் ஆகாது. பழைய கனமான சோக்கும் ஸ்டார்ட்டரும் இருக்கற டியூப் லைட் அருமையா வேலை செய்யும். அது இல்லைன்னா பழைய சுவிட்ச் போர்டுல செவப்பா எரியுமே நியான் இண்டிகேட்டர், ரூமை இருட்டாக்கிட்டு அந்த வெளிச்சத்துல பிடிங்க, ஆனா போர்டைக் கழட்டி ஒயரை வெளிய இழுக்கற வேலை மட்டும் வேணாம். குண்டு பல்புலயும் தெரியும், மங்கலாத்தான் தெரியும்.

கோடு நகர்ந்தா எவ்வளவு தப்புன்னு சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, இதை யாரும் சொல்லித் தர்றதில்லை. நொடிக்கு 100 கோடு கடந்து போகுது. அப்ப ஒரு கோடு அளவு நகர ரெண்டு நொடி ஆச்சுன்னா 200ல ஒண்ணு, அதாவது 0.5%. பத்து நொடி ஆச்சுன்னா 0.1%. தட்டு சுத்தற திசையிலயே கோடு நகர்ந்தா வேகம், எதிர் திசையில போனா மெதுவு. கோடு ஒரு திசையிலயும் நகராம முன்ன பின்ன அசைஞ்சுகிட்டே இருந்தா அதுதான் ஆட்டம்.

இங்க கடிகாரம் மின்வாரியத்து கரண்ட். முன்னெல்லாம் தெற்கு கிரிட்டுல ஃப்ரீக்வன்ஸி நல்லா எறங்கி ஓடும். 2013 டிசம்பர் 31 அன்னிக்கு தெற்கு கிரிட்டை நாட்டோட மத்த கிரிட்டோட இணைச்சாங்க, இப்ப விதிப்படி 49.90ல இருந்து 50.05க்குள்ள வெச்சிருக்கணும், அதாவது ஸ்ட்ரோப் 0.2% வரைக்கும் பொய் சொல்லலாம். பரவால்ல. ஆனா ஒரு கண்ணி இருக்கு. பழைய பிளேயர் நிறையல சிங்க்ரனஸ் மோட்டார், அது கரண்டோட ஃப்ரீக்வன்ஸியைப் பிடிச்சுகிட்டுதான் சுத்தும். லைட்டும் அதே கரண்ட், மோட்டாரும் அதே கரண்ட். கரண்ட் 49.9 ஆனா ரெண்டும் சேர்ந்தே எறங்கும், கோடு நின்னது நின்னபடியே இருக்கும். அந்த மாதிரி பெட்டியில ஸ்ட்ரோப் சொல்றது பெல்ட் வழுக்குதா, புல்லி (மோட்டார்ல பெல்ட் மாட்டற குட்டிச் சக்கரம்) சைஸ் சரியாங்கறதை மட்டும்தான். கரண்ட் போய் வீடு இன்வெர்ட்டர்ல ஓடும்போது அளக்காதீங்க, சதுர அலை இன்வெர்ட்டர்னா மோட்டாரே உறுமும்.

பிளாட்டர் ஓரத்துலயே புள்ளி போட்டு பக்கத்துல குட்டி லைட் வர்ற பிளேயர் வெச்சிருக்கறவங்களுக்கு, அந்த லைட் கரண்ட்ல மின்னுதா இல்ல உள்ள இருக்கற குவார்ட்ஸ்ல மின்னுதான்னு மாடல் பொறுத்து மாறும், மேனுவல் பார்த்துக்கங்க.

போன் ஆப்

போன்ல சுத்தற வேகத்தை உணர்ற கைரோ சென்சார் இருந்தா ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு காட்டற ஆப் நிறைய இருக்கு. 33⅓னா நொடிக்கு சரியா 200 டிகிரி, 45னா 270, 78னா 468. சில ஆப் டிகிரியாத்தான் காட்டும், ஆறால வகுத்தா ஆர்பிஎம்.

டோன் ஆர்மை (ஊசி மாட்டியிருக்கற கை) லாக் பண்ணிடுங்க. வேண்டாத ஒரு ரெக்கார்டு மேல துணி விரிச்சு போனை வைங்க, நடு ஆணி குத்தற போன்னா கொஞ்சம் தள்ளி வெச்சாலும் தப்பில்லை, சுத்தற வேகம் பிளாட்டர்ல எங்க வெச்சாலும் ஒண்ணுதான், ஆனா ஒரு பக்கம் கனம் ஏறாம பார்த்துக்கங்க. ஃப்ளைட் மோட் போடுங்க, நடுவுல யாராவது கூப்ட்டு வைப்ரேட் ஆனா போச்சு. சுத்த விடறதுக்கு முன்னாடி அசையாம வெச்சு பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க, காட்டலைன்னா ஆப்ல கேலிப்ரேட் பண்ணுங்க. ஒரு நிமிஷம் ஓட விட்டு சராசரியை எடுங்க.

இதை நான் அவசரத்துக்குத்தான் நம்புவேன். சென்சாரோட அளவே போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், ரெண்டு போன் வெச்சா ரெண்டு பதில் சொல்லும். அதுக்கு வழி இருக்கு: போன் மேல இருக்கும்போதே நூறு சுத்து எண்ணி ஸ்டாப்வாட்ச் கணக்கையும் எடுங்க, ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதுதான் உங்க போனோட தப்பு, இனிமே அதைக் கழிச்சுக்கலாம். ஆப் காட்டற வாவ் ஃப்ளட்டர் நம்பரை கம்பெனி ஸ்பெக் ஷீட்டோட ஒப்பிட்டு மனசு உடைஞ்சு போகாதீங்க, ஊசி இல்லாம, ரெக்கார்டு ஓடாம, சென்சார் இரைச்சலோட எடுத்த நம்பர் அது. வாங்கப் போற எடத்துல கடைக்காரர் முன்னாடி சட்டுனு ஒரு தடவை பார்க்கறதுக்கு மட்டும் இதை மிஞ்சின முறை இல்லை.

டெஸ்ட் ரெக்கார்டு, முழு வைத்தியம்

ஆட்டத்தை ஒழுங்கா அளக்கணும்னா 3150 ஹெர்ட்ஸ் ஒரே சுரம் பதிஞ்ச டெஸ்ட் ரெக்கார்டு வாங்கணும், சிலதுல 3000 இருக்கும், அட்டையைப் பார்த்து குறிச்சுக்கங்க. நம்ம ஊர் கடையில கெடைக்காது, ஆன்லைன்ல வரவழைக்கணும். ரெக்கார்டு சேர்க்கற நாலு பேரு சேர்ந்து ஒண்ணு வாங்கினா போதும், வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் போடப் போறோம்.

ஊசியையும் ரெக்கார்டையும் சுத்தம் பண்ணிட்டு அந்த டிராக்கை ஓட விட்டு ஆடாசிட்டியில ஒரு நிமிஷம் பதிங்க, லெவல் செவப்பைத் தொடக்கூடாது. நடுவுல சுத்தமான பகுதியை செலக்ட் பண்ணி ஸ்பெக்ட்ரம் வரையற ஆப்ஷனுக்குப் போங்க, சைஸை 65536ன்னு வைங்க, சின்ன சைஸ் வெச்சா உச்சி பட்டையாகி எது நம்பர்னே தெரியாது. உச்சி 3162 காட்டினா 12ஐ 3150ஆல வகுத்து நூறால பெருக்குங்க, 0.38% வேகம், 33.46 சுத்து. சராசரி முடிஞ்சது.

ஆட்டத்துக்கு வாவ் ஃப்ளட்டர் அளக்கற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பதிஞ்ச ஃபைலைக் கொடுத்தா சுரம் எப்படி ஏறி எறங்குதுன்னு கோடு போட்டு ஒரு பர்சென்ட்டும் சொல்லும். அதுல வெயிட்டட், அன்வெயிட்டட்னு ரெண்டு இருக்கும். நம்ம காது நொடிக்கு நாலு தடவை ஆடற ஆட்டத்தைத்தான் ரொம்ப நல்லா பிடிக்கும், அதுக்கு அதிக மார்க் போட்டு மத்ததுக்குக் குறைச்சுப் போட்டா அது வெயிட்டட். கம்பெனிக்காரங்க எப்பவும் அழகா இருக்கற நம்பரைத்தான் அச்சடிப்பாங்க, அதனால வெயிட்டட்டை வெயிட்டட்டோடதான் ஒப்பிடணும். ஜெர்மனிக்காரங்களோட பழைய டிஐஎன் 45500 ஹைஃபை தரத்துல டர்ன்டேபிளுக்கு ஆட்டம் 0.2%க்குள்ள, சராசரி 1.5% வேகத்துக்கும் 1% மெதுவுக்கும் நடுவுல இருந்தா போதும்னு வெச்சிருந்தாங்க. டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 மார்க் 2க்கு 0.025%ன்னு போட்டிருக்கும். வீட்டுல டெஸ்ட் ரெக்கார்டு போட்டு 0.1% வெயிட்டட் வந்தா சந்தோஷமா பாட்டு கேளுங்க, ஏன்னு அடுத்ததா சொல்றேன்.

ஆடறது பிளேயரா, ரெக்கார்டா?

பாதிக்குப் பாதி குற்றவாளி ரெக்கார்டுதாங்க. நடு ஓட்டை மையத்துல இருந்து கொஞ்சம் விலகியிருக்கும். மாட்டு வண்டி சக்கரத்துல அச்சு நடுவுல இல்லைன்னா வண்டி எப்படி ஏறி எறங்குமோ அதே கதைதான். 0.2 மில்லிமீட்டர் விலகல்னு வைங்க, கண்ணுக்கே சரியா தெரியாது. ஊசி மையத்துல இருந்து 100 மில்லிமீட்டர்ல இருக்கும்போது அது 0.2% மேலயும் 0.2% கீழயும் ஆட்டம் கொடுக்கும், 3150 ஹெர்ட்ஸ்ல ஆறு ஹெர்ட்ஸ் இந்தப் பக்கம் ஆறு ஹெர்ட்ஸ் அந்தப் பக்கம். உள்ள போகப் போக இன்னும் மோசம், 60 மில்லிமீட்டர்ல 0.33%. கடைசிப் பாட்டுல மட்டும் சுருதி அலையுதுன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேருக்கு இதுதான் காரணம். இதுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்து பிளேயர் மாத்தினாலும் தீராது.

ரெக்கார்டு ஓடும்போது டோன் ஆர்மை நேர் மேல இருந்து பாருங்க, சுத்துக்கு ஒரு தடவை இடமும் வலமும் அசைஞ்சா ஓட்டை விலகியிருக்கு.

சரியா பிரிச்சுப் பார்க்க ஒரு வழி. பிளாட்டர் ஓரத்துல ஒரு ஸ்டிக்கர், ரெக்கார்டு லேபிள்ல ஒரு ஸ்டிக்கர், ரெண்டையும் ஒரே நேர்ல ஒட்டிக்கங்க. டெஸ்ட் சுரத்தை ஓட விட்டு, சுரம் உச்சத்துக்கு ஏறும்போது ஸ்டிக்கர் எந்த எடத்துல இருக்குன்னு போன்ல வீடியோ எடுத்துப் பாருங்க. அப்புறம் ரெக்கார்டை மட்டும் தூக்கி அரை வட்டம் திருப்பி வெச்சு மறுபடி ஓட்டுங்க. இப்பவும் லேபிள் ஸ்டிக்கர் அதே எடத்துக்கு வரும்போதுதான் சுரம் ஏறுதுன்னா குற்றம் ரெக்கார்டு மேல. பிளாட்டர் ஸ்டிக்கரோட ஒட்டிகிட்டு வந்தா பிளாட்டர், பேரிங் பக்கம் பாருங்க. ரெண்டும் இல்லாம குழப்பமா நகர்ந்துகிட்டே இருந்தா பெல்ட், ஏன்னா பிளாட்டர் ஓரத்தைச் சுத்திப் போட்ட பெல்ட்டோட நீளம் பிளாட்டர் சுத்தளவை விட கொஞ்சம் அதிகம், அது ஒரு சுத்து வர 1.8 நொடிக்கு மேல ஆகும்.

ஆட்டத்தோட வேகமும் துப்பு கொடுக்கும். 1.8 நொடிக்கு ஒரு தடவைன்னா ரெக்கார்டு இல்ல பிளாட்டர். நொடிக்கு நாலு, ஆறு தடவைன்னா மோட்டார் புல்லியைப் பாருங்க, 24 போல் (காந்த முனை) சிங்க்ரனஸ் மோட்டார் நம்ம கரண்ட்ல நிமிஷத்துக்கு 250 சுத்து, நொடிக்கு நாலு தடவைக்குக் கொஞ்சம் மேல, 16 போல்னா 375, நொடிக்கு ஆறேகால். புல்லியில ஒரு துளி அழுக்கு ஒட்டியிருந்தாலே இந்த வேகத்துல ஆடும். பெல்ட்டுக்குப் பதிலா ஐட்லர்ங்கற ரப்பர் சக்கரம் வெச்சு பிளாட்டரைச் சுத்தற பழைய பெட்டியை வருஷக்கணக்கா கியர்ல போட்டபடியே பரண்ல வெச்சிருந்தா ரப்பர்ல ஒரு பள்ளம் விழுந்திருக்கும், சக்கரம் சுத்தற ஒவ்வொரு தடவையும் தொப்பு தொப்புன்னு தட்டும்.

சரி பண்றது

பிளக்கைப் பிடுங்கிட்டுதான் அடிப்பக்கம் கை வைக்கணும், ஏசி மோட்டார் பெட்டியில உள்ள நேரடியா 230 வோல்ட் ஓடுது.

முதல்ல பைசா செலவில்லாத வேலை. புல்லி, பெல்ட் ஓடற ஓரம், ஐட்லர் ரப்பர் எல்லாத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க. பேரிங்ல பழைய ஆயிலைத் துடைச்சு எடுத்துட்டு தையல் மிஷின் ஆயில் ரெண்டு சொட்டு, பெல்ட்லயும் ரப்பர்லயும் பட்டுடக் கூடாது. மறுபடி அளங்க. நிறைய பெட்டி இதோட திருந்திடும். அதுக்கப்புறமும் கீறல் முறையில ஸ்பீடு நகர்ந்தா பெல்ட் மாத்துங்க, பழைய பெல்ட்டை கையோட எடுத்துட்டுப் போய் அளவு காட்டி வாங்குங்க, தளர்ந்திருக்கும்ங்கறதால கொஞ்சம் சின்னதா வேணும். ரப்பர் பேண்ட் போட்டு சமாளிக்கறது ஒரு நாள் கூத்து.

டிசி மோட்டார் பெட்டின்னா அடியிலயோ மோட்டார் பின்னாடியோ 33க்கும் 45க்கும் தனித்தனியா திருக ரெண்டு குட்டி ஓட்டை இருக்கும். இது ஒண்ணை மட்டும் பிளேயர் ஓடும்போதே செய்யணும்: ஊசியை ரெக்கார்டுல ஓட விட்டுகிட்டே மெல்லிசான ஸ்க்ரூ டிரைவரால முடி அளவு திருகுங்க, அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்க, மறுபடி திருகுங்க. 0.3%க்குள்ள வந்துட்டா கையை எடுத்துடுங்க, அதுக்கு மேல துரத்தினா ட்ரிம் ஸ்க்ரூதான் தேயும்.

அமெரிக்காவுல இருந்து கொண்டாந்த பெட்டிக்கு தனியா ஒண்ணு சொல்லணும். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுட்டா சரியாயிடும்னு நினைக்கறாங்க. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாத்தும், ஃப்ரீக்வன்ஸியை மாத்தாது, ஸ்டெபிலைசரும் மாத்தாது. 60 ஹெர்ட்ஸ்க்கு செஞ்ச சிங்க்ரனஸ் மோட்டார் இங்க 50ல ஓடினா 33⅓க்கு பதிலா 27.8தான் சுத்தும், 45 போட்டா 37.5. அஞ்சு கட்டையில பாடினவங்க மூணு கட்டைக்கு எறங்கிடுவாங்க. அதுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி வாங்கிப் போடணும், இல்லைன்னா ஃப்ரீக்வன்ஸியையே உண்டாக்கித் தர்ற பவர் சப்ளை வேணும். டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாம மோட்டாரே நேரா பிளாட்டரைச் சுத்தறது) பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் மட்டும் பார்த்தா போதும்.

45ஐ தனியா அளங்க, 33 சரியா இருந்தா 45ம் சரியா இருக்கும்னு சொல்ல முடியாது, புல்லியில அது வேற படி. சினிமா பாட்டு இபி தட்டுலயும் கீறல் முறை ஓடும், இடைவெளி அம்பதுக்கு 66.67 நொடி வரணும். 78 தட்டுக்கு பிளேயரை 78லயே நிறுத்திட்டு விட்டுடுங்க, ஏன்னா ரொம்பப் பழைய தட்டு நிறையல 78ங்கறது சும்மா பேச்சுக்குத்தான், பதிஞ்ச அன்னிக்கு எழுபத்தஞ்சும் சுத்தியிருக்கும் எண்பதும் சுத்தியிருக்கும். பாடகர் பாடின கட்டை என்னன்னு தெரிஞ்சா சுருதிப் பெட்டியை வெச்சுகிட்டு காதால ஏத்தி எறக்கிக்கறதுதான் அங்க வழி, அதுக்கு பிட்ச் கன்ட்ரோல் இருக்கற பிளேயர் வேணும்.